மின்தேக்கியைக் காட்டு

எனக்குக் கோபம் வந்தா வகுப்புத் தமிழ் வராது, முன்னாடியே சொல்லிடுறேன். பேரு அருள்செல்வி. இருபத்தோரு வருஷமா தமிழ் டீச்சர். கரும்பலகை முன்னாடி நின்னா ஒற்றுப்பிழை இல்லாமப் பேசுவேன். ஆனா மலையம்மாளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எங்க ஊரு வாய்தான் வருது. அந்த வாயாலயே சொல்றேன், கேட்டுக்கோங்க.

மலையம்மாள் மோட்டாருக்குக் காயில் கட்டுறவ. வயசு முப்பத்தாறு இருக்கும். வடுகபட்டியில பூண்டு மண்டியைத் தாண்டினா அவ கடை. போர்டுல 'சின்னக்கருப்பு மோட்டார் வைண்டிங்'னு புருஷன் பேரு. சின்னக்கருப்பு தங்கமான மனுசன், குறை சொல்ல மாட்டேன். கிணத்துல இறங்கி மோட்டாரைக் கழட்டித் தூக்கிட்டு வருவாரு, வேலை முடிஞ்சதும் கொண்டுபோய் மாட்டிட்டு வருவாரு. நடுவுல நடக்கிறது பூரா மலையம்மாள் வேலை. எரிஞ்ச கம்பியை உருவணும், எத்தனை சுத்துன்னு எண்ணணும், புதுக் கம்பி சுத்தணும், வார்னிஷ் ஊத்திக் காய வைக்கணும். ஆனா ஜெயமங்கலத்துல இருந்து மோட்டாரை ஏத்திட்டு வர்ற, விவசாயம் பாக்குற சம்சாரி வண்டியை விட்டு இறங்குறப்பவே "மெக்கானிக் இல்லையா?"ன்னு கேப்பாரு. அவ கையில கம்பியோட எதுத்தாப்புல உட்கார்ந்திருப்பா. "அவுக கிணத்துக்குப் போயிருக்காக. மோட்டாரை இங்கன இறக்குங்க, நாளைக்குச் சாயங்காலம் வாங்க"ன்னு சொல்லிட்டுச் சுத்திக்கிட்டே இருப்பா. இதைப் பார்த்து எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். "விடுங்க டீச்சர், மோட்டாருக்குத் தெரியும் யாரு கட்டினதுன்னு"ம்பா.

அவளை எனக்குப் பழக்கம் பண்ணி விட்டது எங்க பள்ளிக்கூடத்துத் தண்ணி மோட்டார். பள்ளிக்கூடம் எதுன்னு கேக்காதீங்க, சொன்னா எனக்கு மெமோ வரும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால அந்த மோட்டார் எரிஞ்சு போச்சு. அன்னைக்குச் சின்னக்கருப்பு வேற கிணத்துக்குப் போயிட்டதால தானே கழட்ட வந்தவ, பின்பக்கத்து ஜன்னல் வழியா ஒரு அறையை எட்டிப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா. உள்ள ஆறு புது மோட்டார், ஒரு டிரில்லிங் மெஷின், வயரிங் போர்டு, மீட்டருங்க. எல்லாம் பிளாஸ்டிக் உறையோட, வந்த அன்னைக்கு ஒட்டின சீட்டோட அப்படியே இருந்துச்சு. கதவுல பூட்டு.

அதுதான் எங்க தொழிற்கல்வி ஒர்க்‌ஷாப். பிளஸ் டூவுல மின்சாரம், மோட்டார், வயரிங்னு படிக்கிற குரூப் ஒண்ணு இருக்கு. பத்தாவதுல மார்க் குறைஞ்ச பிள்ளைகளை அதுல 'தள்ளி விடுறது'ன்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவாக. குப்பையைத் தள்ளுற மாதிரி! அந்தப் பாடத்துக்கு இருந்த ஆசிரியர் மாறுதலாகிப் போயி அந்த இடம் காலியாவே கிடந்துச்சு. இயற்பியல் சார் விஜய்ராஜ் வாரத்துக்கு ரெண்டு தடவை போயி, போர்டுல மோட்டார் படம் போட்டு, "எழுதிக்கோங்க"ன்னு சொல்லிட்டு வருவாரு. முப்பத்திரண்டு பிள்ளைக மோட்டாரைப் படமா வரைஞ்சு, கலர் அடிச்சு, அதுக்கு டிக் வாங்கினாக. அசல் மோட்டார் சுவத்துக்கு அந்தப்பக்கம் பூட்டிக் கிடக்கு.

மலையம்மாள் நேரா தலைமை ஆசிரியர்கிட்டப் போனா. "இதுகளை எதுக்கு சார் பூட்டி வச்சிருக்கீக?"

"பிள்ளைங்க கை வச்சா கெட்டுப் போகும்மா. ஆய்வுக்கு வந்தாகன்னா யாரு பதில் சொல்றது?"

"கை வைக்காட்டியும் கெட்டுப் போகும் சார். வார்னிஷ் வெடிச்சுப் போகும், பேரிங் இறுகிப் போகும். உங்க ஆய்வுக்காரவுக உறையைப் பிரிச்சுப் பார்க்க மாட்டாகளா?"

பார்க்கத்தான் மாட்டாக. அது அவளுக்குத் தெரியாது. நான் அப்ப வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட வந்தவ, சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன். கடைசியில பெற்றோர் ஆசிரியர் கழகத்துல பேசி, செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அவளே வந்து சொல்லிக்குடுக்கட்டும்னு முடிவாச்சு. ஆனா புது மோட்டாரைத் தொடக்கூடாது! தொழிற்கல்விக்குன்னு அரசாங்கம் குடுத்த மோட்டாரைத் தொழிற்கல்விப் பிள்ளைக தொடக்கூடாதாம். வாயில என்னென்னவோ வந்துச்சு எனக்கு. மலையம்மாள் சரின்னுட்டுக் கிளம்பிட்டா. அடுத்த செவ்வாய்க்கிழமை அவ மொபெட்டுல, காலடியில ஒரு எரிஞ்ச மோட்டாரை வச்சுக் கட்டிக்கிட்டு வந்து இறங்கினா. வேப்பமரத்தடியில சாக்கை விரிச்சு, "வாங்க சாமிகளா, பிரிச்சுப் போடுவோம்"னா.

அவளுக்குன்னு ஒரு பழக்கம் இருந்துச்சு. எந்தச் சாமானுக்கும் முதல்ல பேரு சொல்ல மாட்டா. கையில குடுப்பா. மோந்து பாரு, சுத்திப் பாரு, எது சூடாகுதுன்னு தொட்டுப் பாருன்னுவா. பிள்ளைகளா "இது என்னதுக்கா?"ன்னு கேட்ட பிறகுதான் பேரு வரும். அதுவும் கடைப் பேரு. காயில், ஸ்டார்ட்டர், கண்டன்சர், பீஸ் கட்டை. நம்ம பக்கம் தோட்டத்துல வேலை பாக்குற அத்தனை பேரும் சொல்ற பேரு. ஒரு நாள் கயல்ங்கிற பிள்ளை, "இதுக்கெல்லாம் புத்தகத்துல வேற பேரு போட்டிருக்காக்கா"ன்னு சொல்லியிருக்கா. "மோட்டாரு என்ன புத்தகமா படிக்குது? வேலையைப் பாரு ஆத்தா"ன்னுட்டா மலையம்மாள். பின்னால இதை எங்கிட்டச் சொல்லி அவளே தலையில அடிச்சுக்கிட்டா. அவ பண்ணின தப்பு அது ஒண்ணுதான். நான் மறைக்கல.

இந்தக் கயலைச் சொல்லணும். அவ அம்மா பூண்டு மண்டியில தரம் பிரிக்கிறவ. "பாஸானா படி, பெயிலானா என்கூட மண்டிக்கு வா"ன்னு கண்டிசனாச் சொல்லிட்டா. தொழிற்கல்வி படிச்சுப் பாஸான பிள்ளைக பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷத்துலயே சேரலாம். கயல் அதைத்தான் நம்பியிருந்தா. கை அப்படி ஒரு கை அவளுக்கு. சத்தத்தைக் கேட்டே பேரிங்கா காயிலான்னு சொல்லிருவா. எங்க தலைமை ஆசிரியர் அறையில ஒரு மின்விசிறி மூணு மாசமா முனகிக்கிட்டே கிடந்துச்சு. அதை இடைவேளையில பத்து நிமிஷத்துல சரிபண்ணிக் குடுத்தா. அப்ப மட்டும் கை வச்சா கெட்டுப் போகும்னு யாரும் சொல்லல.

பொதுத்தேர்வு செய்முறைக்கு வெளியூர்ல இருந்து ஒரு தேர்வாளர் வந்தாக. செய்முறைக்கு எழுபத்தஞ்சு மார்க், அதுல தவறினா அந்தப் பாடமே பெயில். அன்னைக்குத்தான் ஒர்க்‌ஷாப்பைத் திறந்தாக. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா உறையைப் பிரிச்சு ஆறு மோட்டாரையும் துடைச்சு வரிசையா வச்சாக. வெளியாள்ங்கிறதால மலையம்மாளை உள்ள விடல. விஜய்ராஜ் சார்தான் பள்ளிக்கூடத்துச் சார்பா உள்ள இருந்தாரு. கயலுக்கு விழுந்த சீட்டு, ஓடாத மோட்டார்ல பழுது கண்டுபிடிக்கிறது.

அவ சுவிட்சைப் போட்டிருக்கா. மோட்டார் உறுமுது, சுத்தல. உடனே நிறுத்திட்டா. ஒரு நூல் கயித்தை அச்சுல சுத்தி, மறுபடி சுவிட்சைப் போட்டு, கயித்தைச் சுண்டி இழுத்திருக்கா. மோட்டார் ஓட ஆரம்பிச்சிருச்சு. கை குடுத்தாத்தான் கிளம்புதுன்னா கிளப்பி விடுற சாமான் போச்சுன்னு அர்த்தம். "கண்டன்சர் போயிருச்சு சார்"னு சொல்லிட்டு, கரண்டை நிறுத்தி, ஸ்குரூ டிரைவரால ரெண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு மிச்சக் கரண்டைப் போக்கி, பழசைக் கழட்டி, புதுசை மாட்டினா. மோட்டார் தன்னால ஓடுச்சு. எல்லாம் பன்னண்டு நிமிஷம்.

தேர்வாளர் மோட்டாரைப் பார்க்கல. கையில இருந்த கேள்வித்தாளைப் பார்த்துக்கிட்டு, "மின்தேக்கியைக் காட்டு"ன்னாரு.

பிள்ளை முழிச்சிருக்கா. மின்தேக்கி. தேக்கி வைக்கிறது. நம்ம பக்கத்துல தேக்கி வைக்கிறதுன்னா எதை? எட்டு மாசமா அவளுக்கு நடத்துற என் தமிழ் வகுப்புல நீர்த்தேக்கம், நீர்த்தேக்கம்னு கத்தினவ நானு. தண்ணியைத் தேக்கி அதுல கரண்டும் எடுக்குற இடம் அவளுக்கு ஒண்ணுதான் தெரியும்.

"அது இங்கன இல்ல சார். வைகை டேம்ல இருக்கு."

சொல்றப்ப அந்தப் பழைய கண்டன்சர் அவ இடது கையிலதான் இருந்துச்சு. அதாங்க மின்தேக்கி! புத்தகத்துல கண்டன்சருக்கு அதுதான் பேரு.

தேர்வாளர் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாராம். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரிச்சாராம். விஜய்ராஜ் சார் அதை ஸ்டாஃப் ரூம்ல வந்து நடிச்சே காட்டினாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. நானும் சிரிச்சேன். மாதாவே, நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுட்டு, ஏதோ பேச்சுக்குத்தான், "மோட்டார் ஓடுச்சா சார்?"னு கேட்டேன்.

"அதெல்லாம் ஓடுச்சு டீச்சர். அது எதுக்கு இப்ப? பதினஞ்சு மார்க் போட்டிருக்காரு."

எழுபத்தஞ்சுக்குப் பதினஞ்சு. ஓடாத மோட்டாரை ஓட வச்ச பிள்ளைக்கு! குடிச்சிட்டிருந்த டீயை அப்படியே வச்சுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போயிச் சொன்னேன். மலையம்மாள் காயில் கட்டுறதை நிறுத்தினதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். "என்ன தேக்கி?"ன்னா. சொன்னேன். ஒரு கண்டன்சரை எடுத்து உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இதுக்கா டீச்சர் அந்தப் பேரு? எனக்கே தெரியாதே. நான் கெடுத்துப்புட்டேனா அந்தப் பிள்ளையை?"

"நீ கெடுக்கல மலையம்மா."

"நல்ல பேருதான் டீச்சர். கரண்டைப் பிடிச்சு வச்சிருந்து விடுறதுதானே இது. யாராச்சும் ஒருத்தர் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அந்த யாராச்சும் நான்தான். ரெண்டு வருஷமா செவ்வாய், வெள்ளி அந்த வேப்பமரத்தைத் தாண்டித்தான் நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் நின்னு, "இதுக்குத் தமிழ்ல இது பேரு"ன்னு சொல்லியிருந்தா என் வாய் தேஞ்சா போயிருக்கும்?

மறுநாளும் அந்தத் தேர்வாளர் இருந்தாக, அடுத்த குழுவுக்கு. ரெண்டு பேரும் போயி வாசல்ல மறிச்சோம். மலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் ஆரம்பிச்சா. "சார், அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும். பேரு தெரியாதது என் தப்பு. இன்னொரு மோட்டாரைக் குடுத்துப் பாருங்க. எந்தக் கோளாறு வேணாலும் வைங்க."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. பேரே தெரியலைன்னா பொருள் தெரியலைன்னுதான் அர்த்தம்."

நான் விடல. "சார், நான் தமிழ் டீச்சர். அந்தப் பிள்ளை சொல்லைப் பிரிச்சு அர்த்தம் பார்த்திருக்கா. தேக்குறதுன்னா என்னன்னு யோசிச்சு, அவளுக்குத் தெரிஞ்ச தேக்கத்தைச் சொல்லியிருக்கா. என் பேப்பர்ல எழுதியிருந்தா நான் மார்க் போட்டிருப்பேன்."

"நீங்க தமிழ். இது தொழிற்கல்வி. இதுல தலையிடாதீங்க"ன்னாரு.

எப்படி இருக்கு பாருங்க! தமிழ்ச் சொல் தெரியலைன்னு பெயில் போடுவாரு. அதுல தமிழ் டீச்சர் தலையிடக்கூடாது.

மலையம்மாள் கும்பிட்ட கையை இறக்கிட்டா. "சார், உங்க வீட்டு மோட்டார் உறுமிக்கிட்டு ஓடாம நின்னா கடைக்காரவுகளுக்குப் போன் போட்டு என்னன்னு சொல்லுவீக?"

அவரு கதவுப்பக்கம் திரும்பினாரு.

"மின்தேக்கி பழுதுன்னா சொல்லுவீக? கண்டன்சர் போயிருச்சு, ஆளை அனுப்புப்பான்னுதானே சொல்லுவீக? நீங்க சொன்னா மோட்டார் பழுது, எம்பிள்ளை சொன்னா பெயிலா?"

"மார்க் சீட்டு சீல் வச்சாச்சு. வெளிய போங்க, தேர்வு நடக்குது"ன்னு கதவைச் சாத்திட்டாரு. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துட்டு உள்ள போயிட்டாரு. மின்விசிறிக்குக் கீழ உட்கார்ந்திருப்பாரு.

ரிசல்ட் வந்துச்சு. மத்த பாடம் பூரா பாஸ், தொழிற்கல்வி பெயில். கயல் அம்மா சொன்னபடி மறுநாளே பிள்ளையை மண்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. மலையம்மாள் மண்டிக்கே போயி, பூண்டுக் குவியலுக்கு நடுவுல நின்னு அவ அம்மாகிட்டச் சண்டை போட்டா. "ஜூலையில மறுதேர்வு இருக்கு. அதுவரைக்கும் பிள்ளை என் கடையில இருக்கட்டும். அதுலயும் போச்சுன்னா நானே கொண்டாந்து விடுறேன்." கடைசியில அவ அம்மா சரின்னா.

அந்த ஆறு வாரம் தினமும் சாயங்காலம் நான் கடைக்குப் போனேன். புத்தகத்துல இருந்து நான் பேரு சொல்லுவேன், மலையம்மாள் சாமானை எடுத்துக் காட்டுவா. அசையாம நிக்கிறது நிலையகம், உள்ள சுத்துறது சுழலகம், அப்புறம் சுருள், உருகி, மின்தேக்கி. கயல்கூட மலையம்மாளும் எழுதிக்கிட்டா. உருகின்னா பீஸ்னு தெரிஞ்சப்ப, "அட, உருகித்தானே போகுது, சரியாத்தான் வச்சிருக்காக"ன்னு கைதட்டிச் சிரிச்சா. ஒரு சம்சாரி மோட்டாரை இறக்கிட்டு என்ன கோளாறுன்னு கேட்டதுக்கு, "மின்தேக்கி போயிருச்சு"ன்னுட்டா. அந்த மனுசன் பயந்து போயி, "அது எவ்வளவு ஆகும்?"னாரு. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. இத்தனை வருஷத்துல நான் நடத்தின தமிழ் வகுப்புல அதுதான் உருப்படியான வகுப்பு.

மறுதேர்வு தேனியில வேற ஒரு பள்ளிக்கூடத்துல. கயலை நான்தான் பஸ்ல கூட்டிட்டுப் போனேன். மலையம்மாள் வரல, வந்தா சண்டை வந்துரும்னு அவளுக்கே தெரியும். கயல் உள்ள போனா. இருபது நிமிஷத்துல வெளிய வந்துட்டா. நான் பதறி எந்திரிச்சு ஓடினேன். "என்னாச்சு பிள்ளை?"ன்னேன். "எல்லாம் சொல்லிட்டேன் டீச்சர். தேர்வாளர் வெரிகுட்னாக. முழு மார்க் போடுறேன்னு சொன்னாக"ன்னா. சொல்லிட்டு பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அலைச்சல்னு நினைச்சுக்கிட்டேன்.

கடையில மலையம்மாள் வாசல்லயே நின்னா. நான் ரோட்டுல இருந்தே "முழு மார்க்கு!"ன்னு கத்தினேன். அவ ஓடியாந்து பிள்ளையைக் கட்டிக்கிட்டா. "ஏ ஆத்தா! என்ன கோளாறு குடுத்தாக? காயிலா, கண்டன்சரா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"மோட்டாரைத் தொடக்கூடாதுன்னுட்டாகக்கா. மேசை மேல வச்சிருந்தாக. ஒரு குச்சியைக் கையில குடுத்து, நிலையகம் எது, சுழலகம் எதுன்னு காட்டச் சொன்னாக. காட்டினேன். மின்தேக்கியைக் காட்டுன்னாக. மேல இருக்கிற டப்பாவைக் காட்டினேன். அதோட வேலை என்னன்னாக, டீச்சர் சொல்லிக்குடுத்த மாதிரி ரெண்டு வரி சொன்னேன். போதும், போன்னுட்டாக."

மலையம்மாள் என்னைப் பார்த்தா. எனக்கு அவ மூஞ்சியைப் பார்க்க முடியல.

"டப்பா காலியா இருந்துச்சுக்கா"ன்னா கயல்.

"என்னது?"

"மூடி திறந்துதான் கிடந்துச்சு. உள்ள கண்டன்சரே இல்ல. யாரோ கழட்டிட்டுப் போயிட்டாக. வெறும் வயர் ரெண்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. காலி டப்பாவைக் காட்டித்தான் மின்தேக்கின்னு சொன்னேன். தேர்வாளரும் பார்த்துட்டுச் சரின்னு டிக் போட்டாக."

"அதுல ஒண்ணுமில்லைன்னு நீ சொல்ல வேண்டியதுதானே ஆத்தா?"

கயல் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. சொன்னா மறுபடி பெயில் போட்டுருவாக. சொல்லல."